உப்புக்காற்றின் மேல் போடும் பழி

மரக்காணம் உப்பளப் பக்கத்தில் பிசிபி ஏர்கன் வைத்திருப்பவர் யாராவது “காற்று ஏறமாட்டேங்குது” என்று சொன்னால் போதும், பதில் தயாராக இருக்கிறது. “கடல் காத்து சார். உப்பு உள்ள பூந்துடும். இந்த ஊருக்கெல்லாம் பிசிபி தாங்காது, ஸ்பிரிங் துப்பாக்கியே வாங்கியிருக்கலாம்.” விற்பவர் இதைச் சொல்கிறார். பழுது பார்ப்பவர் சொல்கிறார். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மரக்காணம் வந்து சுட்டுப் பழகும் நண்பர்கள் சொல்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி இது இப்போது யாரும் கேள்வி கேட்காத உண்மையாகிவிட்டது.

இது உண்மை இல்லை. காற்று ஏறாத துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. சம்பந்தம் இருக்கும் சிலவற்றிலும் உப்பு செய்வதாகச் சொல்லப்படும் வேலையை உப்பு செய்வதில்லை. தவறான நோயறிதல் என்பதோடு இது நின்றுவிட்டால் நான் இவ்வளவு மெனக்கெட்டு எழுதமாட்டேன். கடல்மேல் பழி போட்ட பிறகு ஆட்கள் செய்யும் காரியங்கள் இருக்கின்றனவே, அவை கையையும் கண்ணையும் பறிக்கக்கூடியவை.

பழக்கமில்லாத வாசகருக்காகக் கொஞ்சம் விளக்கம். பிசிபி என்பது சுடுவதற்கு முன்பே உயர் அழுத்தத்தில் காற்றை அடைத்து வைத்துக்கொள்ளும் துப்பாக்கி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் இன்று எல்லோர் கையிலும் இருப்பது இந்த வகைதான். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் முகவாய் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. வீட்டில் வைத்துக் காகித இலக்கில் சுட்டுப் பழகுகிறவர்கள் வாங்குவது இதைத்தான். காற்றுக்குழாயில் வழக்கமாக 200 பார் அழுத்தம் அடைப்பார்கள், அதாவது கிட்டத்தட்ட 2,900 பிஎஸ்ஐ. கார் டயருக்கு 30, 35 பிஎஸ்ஐ போதும். பஞ்சர் கடை கம்ப்ரசர் 10 பாரைத் தாண்டுவதே அபூர்வம். ஆகவே இதற்கென்று மூன்று கட்டமாக அழுத்தும் தனிக் கைப்பம்போ, ஸ்கூபா சிலிண்டரோ, உயர் அழுத்தக் கம்ப்ரசரோ வேண்டும்.

முதலில் நீர். “கடற்கரைக் காற்றில் ஈரம், அதனால்தான் குழாய்க்குள் தண்ணீர்” என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். மரக்காணத்தில் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 24 கிராம். உள்நாட்டில் 50 சதவீதமாக இருக்கும் ஒரு பகலில் 15 கிராம். 200 மில்லி கொள்ளளவுள்ள காற்றுக்குழாயை வெறுமையிலிருந்து 200 பார் வரை நிரப்ப 40 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். அந்த 40 லிட்டரோடு மரக்காணத்தில் ஏறத்தாழ ஒரு கிராம் நீர் வருகிறது, உள்நாட்டில் 0.6 கிராம்.

இதில் எவ்வளவு நீர் ஆவியாகவே இருக்க முடியும்? ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோலத்தான் இது. காற்றை அழுத்தினால் அது தாங்க முடியாத நீரை வெளியே தள்ளிவிடும். 200 பார் அழுத்தத்தில் அந்தச் சின்னக் குழாய்க்குள் ஆவியாக நிற்கக்கூடியது சுமார் பத்து மில்லிகிராம்தான். மீதி முழுவதும் பம்பிலோ, ஹோஸிலோ, துப்பாக்கிக்குள்ளோ நீராக மாறித்தான் ஆகவேண்டும். ஆக, மரக்காணத்தில் வந்த நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீராகிறது, உள்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பத்து சதவீத ஈரப்பதமே உள்ள தார்ப் பாலைவனக் காற்றை 200 மடங்கு அழுத்தினாலும் நீர் சொட்டும். குழாய்க்குள் நீரைக் கொண்டுவருவது அழுத்தம். கடல் அதன் அளவைக் கொஞ்சம் கூட்டுகிறது, அவ்வளவுதான். சேலத்துக்காரர் ஈர வடிகட்டி இல்லாமல் பம்பு அடித்தால் அவருடைய குழாயும் துருப்பிடிக்கும். அவர் யார்மேல் பழி போடுவார்?

அடுத்து உப்பு. உப்பு ஆவியாவதில்லை. கடற்காற்றில் அது வருவது நுண்ணிய உப்புநீர்த் துளிகளாகவும் தூசியாகவும்தான். பம்பின் உறிஞ்சு வாயில் சாதாரணப் பஞ்சு வடிகட்டி ஒன்று இருந்தாலே அதில் பெரும்பகுதி தங்கிவிடும். அடைப்பு நன்றாக இருக்கும் ஒரு காற்றுக்குழாய்க்குள் வெளியிலிருந்து உப்பு புகுவதற்கு வழியே கிடையாது. உள்ளே 200 பார், வெளியே 1 பார். கசிவு இருந்தாலும் காற்று உள்ளிருந்து வெளியேதான் போகும், கடற்காற்று அதை எதிர்த்து உள்ளே நுழையாது. இதைச் சொன்னால் “அதெல்லாம் புத்தகக் கணக்கு” என்கிறார்கள். சரி, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கடலுக்கே போவோம். ஸ்கூபா முக்குளிப்பவர் முதுகில் சுமப்பது என்ன? இதே 200 பார் காற்று அடைத்த அலுமினிய அல்லது எஃகு சிலிண்டர். அது கடற்காற்றில் அல்ல, கடலுக்குள்ளேயே கிடக்கிறது. ஒழுங்காகக் கழுவி, உலர்ந்த காற்று நிரப்பி, உரிய காலத்தில் சோதித்து வந்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. புதுச்சேரியில் முக்குளிக்கக் கற்றுத்தரும் இடங்களுக்குப் போய் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சென்னையும் கடற்கரை நகரந்தான். அங்கே 10 மீட்டர் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் யாரும் கடற்காற்றுக்குப் பயந்து ஸ்பிரிங் துப்பாக்கிக்குத் திரும்பவில்லை.

அந்த ஸ்பிரிங் துப்பாக்கி யோசனையையும் ஒரு கை பார்த்துவிடலாம். எஃகுச் சுருள், எஃகு பிஸ்டன், எஃகுக் குழல் எல்லாமே உப்புக்காற்றுக்குத் திறந்து கிடக்கும் துப்பாக்கி அது. ஒவ்வொரு தடவை மடக்கி நிமிர்த்தும்போதும் அது வெளிக்காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. உப்புக்காற்று துப்பாக்கியை அழிக்கும் என்று நம்புகிறவர் அதே மூச்சில் ஸ்பிரிங் துப்பாக்கியைப் பரிந்துரைப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

உப்பு ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. வெளிப்புறத்தில் செய்கிறது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். உப்பளத்துக் கழிவுநீரில் மிஞ்சும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்துக்கு மேலேயே கரையும். பகலில் உலோகத்தின்மேல் தூளாகப் படிந்தது இரவில் உப்புநீர்ப் படலமாகிவிடுகிறது. காலையில் பாத்தியில் கால் வைக்கிற எந்த உப்பளத் தொழிலாளிக்கும் இது தெரியும். திருகுத் தலை, கேஜின் விளிம்பு, குழலின் வாய், க்விக் கப்ளர் பொருந்தும் நிரப்பு முனை ஆகிய இடங்கள் இதனால் பாதிக்கப்படும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்தி, மெல்லிதாக எண்ணெய் பூசினால் தீரும் பிரச்சினை இது. எண்ணெய் வெளிப்புற எஃகுக்கு மட்டும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் இதற்கே வருகிறேன். நிரப்பு முனையைக் கீறுவதும் பெரும்பாலும் உப்பு இல்லை, மணல். உப்பின் கடினம் மோஸ் அளவில் இரண்டரை, மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் ஏழு. உப்பு நீரில் கரைந்து போய்விடும். மணல் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் உட்கார்ந்து அறுக்கும். நிரப்பு முனைக்கு ஒரு மூடி போட்டு வைத்தால் இரண்டுமே உள்ளே வராது. அந்த மூடியைத் தொலைத்துவிட்டுக் கடலைத் திட்டுகிறார்கள்.

அப்படியானால் காற்று ஏன் ஏறுவதில்லை? நான் பார்த்தவரை, இந்தக் கடற்கரையில் “உப்பு பூந்துடுச்சு” என்று ஒதுக்கப்படும் துப்பாக்கிகளில் அதிகம் இருப்பது முழுக்கக் காலியாகிப் போனவைதான். சில மாதம் பரணில் கிடந்து காற்று மொத்தமும் இறங்கியிருக்கும், இல்லையென்றால் நண்பர்கள் சேர்ந்து கடைசித் துளி வரை சுட்டுத் தீர்த்திருப்பார்கள். பம்பை மாட்டி அடித்தால் கேஜ் அசையாது. குழல் வாயிலிருந்து புஸ்ஸென்று காற்று போய்க்கொண்டே இருக்கும். உடனே “வால்வு அரிச்சுப்போச்சு” என்று தீர்ப்பு.

வால்வு அரிக்கவில்லை. மூடாமல் இருக்கிறது, அவ்வளவே. சுடும் வால்வை மூடிவைத்திருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமேதான். வால்வின் இருக்கை 6 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 100 பார் இருந்தால் அது சுமார் 29 கிலோ எடையின் விசையோடு வால்வை இருக்கையில் அழுத்தி மூடும். 5 பார்தான் இருக்கிறது என்றால் ஒன்றரைக் கிலோகூட இல்லை. வால்வுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு, அதன் பலம் சொற்பம். இந்தப் பக்கம் வால்வின் தண்டைத் தட்டுகிற ஹாமர், தன்னுடைய பெரிய ஸ்பிரிங்கின் தள்ளுதலோடு நிற்கிறது. பல துப்பாக்கிகளில் ஹாமர் ஓய்வு நிலையில் தண்டின்மேலேயே சாய்ந்திருக்கும். உள்ளே காற்றழுத்தம் இருக்கும்போது இது ஒரு பொருட்டில்லை. காற்று இல்லாதபோது ஹாமர் ஜெயித்துவிடும், வால்வு ஒரு மயிரிழை திறந்தே இருக்கும். நீங்கள் ஒரு பக்கம் அடிக்கும் காற்று மறு பக்கம் குழல் வழியே போய்விடும். நாள் முழுக்க அடித்தாலும் ஏறாது.

தீர்வு, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துக் கொக்கி போட்டு வைப்பது. பெல்லட் உள்ளே இருக்கக் கூடாது, குழல் ஆளில்லாத பக்கம் பார்த்திருக்க வேண்டும், விரல் விசைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. ஹாமர் பின்னால் போய்விட்டதால் தண்டின்மேல் சுமை இல்லை, வால்வை அதன் சின்ன ஸ்பிரிங்கே மூடிக்கொள்ளும். இப்போது முதல் சில அடிகளை இடைவெளி விடாமல் வேகமாக அடித்தால் அழுத்தம் ஏறத் தொடங்கும். ஏற ஏற வால்வு இன்னும் இறுக்கமாக உட்காரும். 50, 60 பார் தாண்டிவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. அப்படியும் குழல் வழியே சீறினால் ஸ்கூபா சிலிண்டரிலிருந்து ஒரே வீச்சில் காற்றுக் கொடுத்துப் பார்க்கலாம். சிலிண்டரின் திருகை மெதுவாகத் திறக்க வேண்டும், ஆனால் தயங்கி நிறுத்தக் கூடாது. அதற்கும் மசியவில்லை என்றால்தான் வால்வின் இருக்கையில் தூசியோ கீறலோ இருக்கிறதா என்ற கேள்வியே வர வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் பாதி விலைக்கு விற்கப்பட்ட துப்பாக்கிகள் எத்தனையோ. கையேட்டில் இது அச்சாகியே இருக்கும், யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இதற்கு நேரெதிரான அறிகுறி ஒன்று உண்டு. இரண்டு மூன்று அடியிலேயே பம்பின் கேஜ் விறுவிறுவென்று 150க்குப் போய்விடும், துப்பாக்கியின் கேஜ் நின்ற இடத்தில் நிற்கும். “உள்ள உப்பு அடைச்சுக்கிச்சு” என்பார்கள். பம்பின் கேஜ் துப்பாக்கியைக் காட்டுவதில்லை, ஹோஸுக்குள் இருக்கும் காற்றைக் காட்டுகிறது. துப்பாக்கியில் ஏற்கெனவே 150 பார் இருந்தால், ஹோஸின் அழுத்தம் அதைத் தாண்டும் வரை துப்பாக்கியின் ஒருவழி வால்வு திறக்கவே திறக்காது. ஹோஸ் மெல்லிய குழாய், அதனால் சில அடியில் நிரம்பிவிடும். அதன் பிறகு முள் மெதுவாக நகர்வதுதான் சரியான நிலை. அந்த மெதுவைப் பழுது என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். துப்பாக்கி உண்மையிலேயே 60 பாரில் இருந்து, பம்பின் கேஜ் மட்டும் 200 காட்டினால்தான் வழியில் தடை. அப்போது முதலில் பார்க்க வேண்டியது, ஹோஸின் நுனியில் இருந்து துப்பாக்கிக்குள் செருகும் ப்ரோப் முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்பதை. ப்ரோப்பின் பக்கவாட்டில் இருக்கும் துளை துப்பாக்கிக்குள் இரண்டு ஓ-ரிங்குகளுக்கு நடுவே சரியாக வந்து உட்கார வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் காற்று போக வழியில்லை.

நிரப்பி முடித்து, காற்று வெளியேற்றும் திருகைத் திறந்தால் புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்து அடங்க வேண்டும். அது ஹோஸில் மிஞ்சிய காற்று. அடங்காமல் சீறிக்கொண்டே இருந்தால் துப்பாக்கியின் ஒருவழி வால்வு திரும்ப மூடவில்லை என்று அர்த்தம். திருகை மெல்ல மெல்லத் திறப்பதாலேயே இது பல தடவை நடக்கும். வால்வைத் தள்ளி மூட வேண்டிய அழுத்த வேறுபாடு சட்டென்று உண்டாவதில்லை. மறுபடி திருகை மூடி, நாலு அடி அடித்து, இந்தத் தடவை பட்டென்று திறந்தால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அப்படியும் மூடவில்லையென்றால் இருக்கையில் துகள் சிக்கியிருக்கிறது. இங்கே உப்போ மணலோ காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை. மூடியில்லாத நிரப்பு முனை வழியே வந்த துகள் அது.

“ராத்திரி 200 இருந்துச்சு, காலைல 188. லீக் சார்.” அடிக்கடி கேட்கும் புகார் இது. காற்றை அழுத்தினால் சூடாகும். பம்பின் அடிப்பாகத்தைக் கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கிக்குள் போகும் காற்று 50 டிகிரியில் 200 பார் காட்டி, பிறகு அறை வெப்பமான 30 டிகிரிக்கு ஆறினால் 188 பார்தான் இருக்கும். ஒரு துளி காற்றும் வெளியே போயிருக்காது. அதேபோல, சித்திரை மதியம் 38 டிகிரியில் 200 காட்டிய துப்பாக்கி மறுநாள் விடியற்காலை 25 டிகிரியில் 192 காட்டும். உண்மையான கசிவு வெயில் பார்த்து ஏறி இறங்காது, நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வைத்து, நாலு நாள் தொடர்ந்து குறித்து வாருங்கள். இறங்குவது உறுதியானால் சோப்பு நுரையை இணைப்புகளில் தொட்டு வையுங்கள், குழல் வாயில் ஒரு பலூனை மாட்டிப் பாருங்கள். பலூன் புடைத்தால் கசிவது சுடும் வால்வு, நுரை பொங்கினால் அந்த இணைப்பு. சின்ன கேஜ்கள் 10 பார் கூடவோ குறையவோ காட்டுவது சகஜம் என்பதையும் மனதில் வையுங்கள்.

இவ்வளவு சோதனையும் செய்யாமல் நேராக “வாஷர் மாத்திடலாம்” என்று துப்பாக்கியைப் பிரிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. வாஷர் என்று அவர்கள் சொல்வது ஓ-ரிங்கை. ஓ-ரிங் கெடும், இல்லை என்று சொல்லவில்லை. உலர்ந்த ப்ரோப்பை முறுக்கித் திணித்தால் கிழியும், ஹோஸில் அழுத்தம் இருக்கும்போதே பிடுங்கினால் துளையின் விளிம்பில் நறுக்குப்படும். எந்த ஓ-ரிங் என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றுவது வைத்தியம் இல்லை. அதைவிட மோசம், உள்ளே அழுத்தம் இருக்கிறதா என்று பாராமல் திருகைக் கழற்றுவது. துப்பாக்கியின் பெல்லட் கொண்டுபோவது 20 ஜூல். நிரம்பிய 200 மில்லி குழாய்க்குள் அடைபட்டுக் கிடப்பது பல ஆயிரம் ஜூல். அந்த முனைத் திருகு பறந்தால் எதிரே இருக்கும் முகத்தை நினைத்துப் பாருங்கள். கேஜ் பூஜ்ஜியம் காட்டுகிறது என்று நம்பிவிடவும் கூடாது, கேஜே அடைபட்டிருக்கலாம். காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

எண்ணெய்க்கு வருகிறேன். உப்பு அரிக்கிறது என்று நம்புகிறவர் அடுத்துச் செய்வது நிரப்பு முனையில் எண்ணெய் விடுவது. தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே, சிலர் தேங்காய் எண்ணெய். இதைவிட ஆபத்தான பழக்கம் இந்தப் பொழுதுபோக்கில் வேறில்லை. உயர் அழுத்தக் காற்று வேகமாக அழுத்தப்படும்போது உண்டாகும் சூட்டில் எண்ணெய் ஆவி தானே தீப்பிடிக்கும். டீசல் இன்ஜின் ஓடுவதே இந்த விதியால்தான். குழாய்க்குள் அது நடந்தால் வெடிப்பு. ஓ-ரிங்குக்குத் தேவை ஒரு கடுகளவு சிலிக்கான் கிரீஸ், வேறெதுவும் வேண்டாம். வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதே, அதிலிருந்து நிரப்பினால் ஈரமே இருக்காதே என்று யோசிக்கிறவர்களும் உண்டு. ஆக்சிஜனும் கிரீஸும் உயர் அழுத்தத்தில் சந்திக்கவே கூடாது. கடற்காற்றின் ஈரத்துக்குப் பயந்து உயிரையே பணயம் வைக்கும் யோசனை அது. இதை யாராவது உங்களிடம் சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து போங்கள்.

ஈரத்துக்கு மருந்தாகச் சிலிக்கா ஜெல் டப்பாவைப் பம்பின் உறிஞ்சு வாயில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிலிக்கா ஜெல் தன் எடையில் கால் பங்கு அளவு நீரைத்தான் பிடிக்கும். 20 கிராம் ஜெல் ஏறத்தாழ 5 கிராம் நீரோடு நிறைந்துவிடும். ஒரு முழு நிரப்புக்கு ஒரு கிராம் என்ற மரக்காணக் கணக்கில் அது ஐந்து முழு நிரப்புக்கு மேல் வராது. நீலம் வெளிறி இளஞ்சிவப்பானது தெரிந்தும் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைக்கிறார்கள். அடுப்பில் 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் ஜெல் மறுபடி உலர்ந்து நீலமாகும். இங்கேதான் கடற்கரைவாசி உள்நாட்டுக்காரரிலிருந்து வேறுபடுகிறார். அவர் மாற்றுவதைவிட நீங்கள் சற்று அடிக்கடி மாற்ற வேண்டும். ஜெல்லைவிட முக்கியம், பம்பின் நீர் வெளியேற்றும் திருகை ஐம்பது அடிக்கு ஒரு தடவை திறந்துவிடுவது. பிழியப்பட்ட நீரில் பெரும்பகுதி பம்பிலேயே தங்கும், அங்கேயே வெளியேற்றிவிட்டால் துப்பாக்கிக்குப் போகாது. உயர் அழுத்தப் பக்கத்தில், ஹோஸுக்கு முன்னால் ஒரு வடிகட்டி வைத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு அடியின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒரு கணம் நிறுத்தினால்தான் காற்று ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு முழுசாகப் போய்ச் சேரும். ஐந்து நிமிடம் அடித்தால் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். விறுவிறுவென்று அடிக்கிறவர் பம்பின் உள் ஓ-ரிங்குகளைச் சூட்டில் வேகவைக்கிறார். அதன் பிறகு பம்பு 120 பாருக்கு மேல் போகாது, பழி துப்பாக்கிக்கு வரும். 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை வைத்திருந்த ஜிரார்தோனி காற்றுத் துப்பாக்கியை நிரப்ப ஏறத்தாழ 1,500 அடி தேவைப்பட்டது. பொறுமை இல்லாதவருக்கு இந்தக் கருவி அன்றும் ஒத்துவந்ததில்லை.

“இவ்வளவு பேசுகிறீர்களே, மரக்காணத்திலிருந்து வரும் துப்பாக்கியைத் திறந்தால் துரு இருக்கத்தானே செய்கிறது?” என்று பழுது பார்ப்பவர் கேட்கலாம். இருக்கிறது. அந்தத் துருவைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள் என்பதே என் பதில். கடற்காற்று காரணம் என்றால் துரு வெளிப்புறத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். எஃகுக் குழாயின் உள்ளே, நீர் தேங்கி நிற்கும் அடிப்பக்கமாக அது இருந்தால், அங்கே போனது பம்பு பிழிந்த நீர். நன்னீர்த் துரு அது. உரிமையாளர் பம்பின் திருகைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார். இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால்தான் வேறுபாட்டை வலியுறுத்துகிறேன். கடல்தான் காரணம் என்று நம்புகிறவர் துப்பாக்கியை உறை போட்டு மூடி அலமாரியில் வைப்பார், அடுத்த தடவையும் ஈரக் காற்றையே அடிப்பார். துரு உள்ளே வளர்ந்துகொண்டே போகும், சுவர் மெலியும். 200 பார் தாங்க வேண்டிய சுவர் அது. போட்டித் துப்பாக்கிகளின் காற்றுச் சிலிண்டருக்கு அதிகபட்சம் பத்து ஆண்டு என்று சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம் விதி வைத்திருப்பது சும்மா இல்லை. சிலிண்டரின்மேல் பொறித்திருக்கும் தேதியைப் படிக்கிறவர் நம்மில் எத்தனை பேர்?

சரிபார்த்த துப்பாக்கியைச் சுட்டுப் பார்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. உப்பளம் விரிந்து கிடக்கிறது, ஆள் நடமாட்டம் இல்லை என்று நினைத்து அங்கே போகிறார்கள். வரப்பில் ஆள் குனிந்து உப்பு வாருவது தூரத்திலிருந்து தெரியாது. பக்கத்தில் கழுவெளி இருக்கிறது, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். அங்கே ஒரு பறவைமேல் பெல்லட் பட்டால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்ற வாதம் அங்கே செல்லாது. வீட்டு மதிலுக்குள், பின்னால் பெல்லட் பொறி வைத்து, பத்து மீட்டரில் சுட்டுப் பாருங்கள். வால்வு ஒழுங்காக மூடுகிறதா என்று தெரிந்துகொள்ள அதற்கு மேல் தூரம் தேவையில்லை.

துப்பாக்கி விற்பவர்களிடமும் பழுது பார்ப்பவர்களிடமும் நான் கேட்பது இதைத்தான். வாடிக்கையாளர் “காற்று ஏறலை” என்று வந்தால் ஊரைக் கேட்பதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். துப்பாக்கி முழுக்கக் காலியாக இருந்ததா? போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து வைத்து அடித்தீர்களா? சீறும் சத்தம் குழலிலிருந்தா, நிரப்பு முனையிலிருந்தா, பம்பிலிருந்தா? நிரப்பி ஆறிய பிறகு கேஜ் எவ்வளவு காட்டியது? இந்த நாலுக்கும் பதில் வாங்காமல் ஸ்பானரைத் தொடாதீர்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்களும் இந்தப் பதில்களைக் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள். அவற்றைக் கேட்காமலேயே “கடல் காத்து சார்” என்று ஒருவர் தொடங்கினால், உங்கள் துப்பாக்கியை அவரிடம் விட்டுவராதீர்கள்.